கேடயமும் கிடுகும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கடற்கரையூர்களில் கிடுகு எனின் தென்னோலைக் கிடுகே. ஓலையை நீரில் ஊறவிட்டு, நடுமட்டை வழியே இரண்டாகப் பிளந்து, பின்னி எடுப்பது அது. கூரை வேய்தற்கும் வேலி அடைத்தற்கும் உரியது. இவ்வூர் மாணவன் பட்டினப்பாலையைக் கற்குங்கால், ஆங்குக் கிடுகு என்பதற்குக் கேடயம் என உரை கண்டு திகைப்பான். ஒலியால் ஒத்த இருவேறு சொற்கள் என்று கூறி அமைவாரும் உளர். அது பொருந்துமா?

இலத்தீன் மொழியில் 'ஸ்கூட்டும்' என்பது உரோமப் படைஞனின் நெடுங்கேடயம். பலகைகளை ஒட்டி, மேலே துணியும் கன்றின் தோலும் போர்த்தது என்பர் பொலிபியசு. கேடயச் சின்னம் பொறித்தமையால் நாணயமும் அப்பெயர் பெற்றது: பிரான்சில் 1266இல் வெளிவந்த 'எக்கூ' என்னும் பொற்காசும், போர்த்துக்கல்லில் 1911 முதல் யூரோ வரும்வரை வழங்கிய 'எஸ்கூடோ'வும் அதன் வழிவந்தனவே. 1684இல் எவேலியசு என்னும் வானியலார் போலந்து மன்னன் சோபியெசுகியின் நினைவாக ஒரு விண்மீன் கூட்டத்துக்கும் அதனைச் சூட்டினார். படைக்கலம் காசாகவும் விண்மீனாகவும் ஆயிற்று. எனின், கேடயம் வேலியாதல் வியப்பன்று. (தமிழில் கேடயத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லாகிய தோல், யானையையும் செய்யுள் வனப்பு எட்டனுள் ஒன்றையும் உணர்த்துதல் அறிக.)

பட்டினப்பாலையே இதற்கு வழி காட்டுகின்றது. நீண்ட தூண்டிற்கோல்கள் சார்த்திய பரதவரின் குறுங்கூரைக் குடில்களுக்கு, நடுகல்லைச் சூழக் கிடுகை நிரைத்து வேல் ஊன்றிய அரணை உவமை கூறுகின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஆங்குக் கேடயம் வீரன் கையில் இல்லை. நிலத்தில் நிரையாக நின்று வேலித் தொழில் செய்கின்றது. உவமிக்கப்பட்டதும் கடற்கரைக் குடிலே. தேரைச் சூழ்ந்த மரச்சுற்றும் கிடுகு எனப்படும். இவை அனைத்துக்கும் பொதுவாவது சூழ நின்று மறைத்துக் காத்தலாம். பின்னலும் கேடயத்துக்குப் புறம்பன்று. உரோமர் புதிதாய்ச் சேர்ந்த படைஞரைப் பிரம்பால் முடைந்த கேடயம் ஏந்திப் பயிலச் செய்தனர் என வெகேத்தியசு எழுதியுள்ளார். ஆதலின் இரண்டும் ஒரே சொல்லெனக் கொள்வதே தகும்.

தமிழகத்தின் பல பகுதிகளில் கீற்று என்னும் பெயர் மிக, ஈழத்தார் கிடுகையே கைக்கொண்டனர். முசுலிம் இல்லங்களில் வளவினுள் பெண்கள் தடையின்றி நடமாட அவ்வேலியே மறைப்பாய் நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்றபின், எழுந்தவை பெரும்பாலும் கல்வீடுகளும் மதில்களுமே. இனி வரும் மாணவனுக்கு வேலிக் கிடுகுக்கும் உரை எழுத நேரலாம்.