விதைக்கும் முன் மண்ணை அறிந்தவர்கள்



விதைத்த காய்கறி முளைக்காமற்போனால், விதையைக் குறை கூறுவதே நமது வழக்கம். மண்ணை நாம் சோதிப்பதில்லை. ஆனால் அந்தலுஸின் முஸ்லிம் வேளாண் அறிஞர்கள் விதையைக் கையில் எடுக்கும் முன்னர் மண்ணையே ஆராய்ந்தனர்.

ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் (கி.பி. 11ஆம் நூற்றாண்டு), துலைதுலாவில், அதாவது இன்றைய ஸ்பெயினின் தொலேதோ நகரில், ஆட்சியாளர் அல்மஃமூனின் தோட்டத்தில் பணியாற்றியவர் இப்னு பஸ்ஸால். ஹஜ் பயணத்தின்போது சிசிலி, எகிப்து ஆகிய நாடுகளையும் கண்டவர். முன்னோர் நூல்களை அடுக்கிக் காட்டாமல், தாம் செய்து கண்டதையே அவர் எழுதினார்.

மண்ணை அவர் 10 வகையாகப் பிரித்தார். மென்மண், கனத்த மண், மலைமண், மணற்பாங்கான மண், எரு ஊறிய கருமண், வெண்மண், மஞ்சள் மண், செம்மண் ஆகியவற்றோடு, கரடுமுரடான மண்ணும் இறுகிய மண்ணும் அதில் அடங்கும். ஒவ்வொன்றின் இயல்பு என்ன, எந்தப் பயிரை அது ஏற்கும், எவ்வாறு பண்படுத்த வேண்டும் என்று விளக்கினார்.

ஹிஜ்ரி 478இல் (கி.பி. 1085) துலைதுலா காஸ்டீல் மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் வசமாயிற்று. தோட்டம் கைவிட்டுப் போனது, கல்வி போகவில்லை. இஷ்பீலியா (செவில்) நகரில், மன்னர் முஃதமிதின் ஆதரவில், இப்னு பஸ்ஸால் வேறொரு மண்ணில் தம் பணியைத் தொடர்ந்தார். அவருடைய பெருநூலின் சுருக்கமே அரபியில் நமக்கு எஞ்சியுள்ளது.

அதே இஷ்பீலியாவில், அடுத்த நூற்றாண்டில், இப்னுல் அவ்வாம் தமது ‘கிதாபுல் ஃபிலாஹா’வை எழுதினார். இப்னு பஸ்ஸாலின் அனுபவங்களும் அதில் இடம்பெற்றன. நூலின் முதல் அத்தியாயமே மண்ணைப் பற்றியது. கிரேக்க, ரோமானிய நூல்களின் வழி வந்த இரு சோதனைகளை அந்தலுஸின் அறிஞர்கள் போற்றினர். முதலாவது, மண்ணை நன்னீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைச் சுவைத்தல். உப்புக் கரித்தால் அந்நிலம் ஆகாது. உப்பு மிகுந்த மண்ணில் விதையால் நீரை உறிஞ்ச இயலாது. இரண்டாவது, குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இடுதல். மண் மீந்தால் வளமானது. மட்டமாக நிரம்பினால் நடுத்தரமானது. குழி நிரம்பாவிடில் நலிந்தது. இந்நூல் 1802இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது.

நல்ல நிலத்தின் விளைச்சலையும் கெட்ட நிலத்தின் விளைச்சலையும் ஒப்பிட்டுச் சிந்திக்க அல்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம், 58ஆம் வசனம் நம்மை அழைக்கிறது. அவ்வழைப்புக்குக் கையில் மண்ணோடு மறுமொழி அளித்தவர்களாகவே இவ்வறிஞர்களை நான் காண்கிறேன்.

இன்றைய நகர மண்ணை நாவில் வைப்பது தகாது. அதற்கு மண் பரிசோதனை நிலையங்கள் உள்ளன. குழிச் சோதனைக்கோ ஒரு மண்வெட்டி போதும். அடுத்த முறை வெண்டையோ கத்தரியோ விதைக்கும் முன், பிள்ளைகளையும் அழைத்து அதைச் செய்து பாருங்கள். முளைக்கச் செய்பவன் அல்லாஹ். மண்ணை அறிந்து விதைப்பது நம் கடமை.