மூன்று வருடமும் இருபத்தைந்து வருடமும்



தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், காசுக்காக வேற நாட்டுக்குப் போய் கிரிக்கெட் விளையாடினா பிழையா?" ஐபிஎல் காலத்துப் பிள்ளை. பிழை என்றால் சிரிப்பான். அதனால் 1982இன் கதையைச் சொன்னோம். இங்கும் பகிர்கிறோம்.

1982 பெப்ரவரி 17. கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதலாவது டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக. அணித்தலைவர் பந்துல வர்ணபுர. நம் நாட்டுக்காக டெஸ்டில் முதல் பந்தைச் சந்தித்தவரும் முதல் ஓட்டத்தை எடுத்தவரும் அவர்தான். எதிரணியில் கிரஹம் கூச், ஜோன் எம்புரி, டெரெக் அண்டர்வுட். போட்டி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்த மூவரும் தென்னாபிரிக்காவில் நின்றார்கள்.

நிறவெறி ஆட்சியால் 1970 முதல் சர்வதேச கிரிக்கெட்டில் ஒதுக்கப்பட்டிருந்த நாடு அது. பணத்தைக் கொட்டி அணிகளை அழைத்துக்கொண்டிருந்தது. ஒக்டோபரில் நம்மவர்களும் போனார்கள். டோனி ஒபத ஒழுங்குசெய்த 'அரோசா' அணிக்குத் தலைவர் அதே வர்ணபுர. முதல் டெஸ்டில் ஆடிய பதினொருவரில் அவரோடு மகேஷ் குணதிலக, லலித் களுபெரும, அஜித் டி சில்வா என நால்வர் அதில் இருந்தார்கள். எட்டு மாதத்துக்குள்!

ஏன் போனார்கள்? அன்று இங்கே கிரிக்கெட் ஒரு தொழிலாக இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கம்பனிகளில் வேலை பார்த்துக்கொண்டே விளையாடினார்கள். வீட்டைக் கொண்டு நடத்தும் ஒருவருக்கு அந்தத் தொகை என்னவாகத் தெரிந்திருக்கும் என்பது நமக்கும் விளங்குகிறது.

தண்டனைதான் யோசிக்க வைக்கிறது. கூச்சுக்கும் கூட்டாளிகளுக்கும் தடை 3 வருடம். கூச் திரும்பி வந்து இங்கிலாந்தின் தலைவராகவும் ஆனார். நம்மவர்களுக்கு 25 வருடம். வர்ணபுரவுக்கு அப்போது வயது 29. பிற்காலத்தில் தடை நீங்கி நிர்வாகத்தில் அவர் பணியாற்றினார், ஆனால் விளையாடும் வயது போய்விட்டது. பயணம் பிழை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதே பிழைக்கு ஏழைக்கு ஒரு விலை, பணக்காரனுக்கு ஒரு விலை என்பதும் பிழைதான்.

மாணவன் விடவில்லை. "அங்க இருந்த கறுப்பு ஆக்கள் என்ன சொன்னாங்க?" நல்ல கேள்வி. பெரும்பாலும் நாம் இதைக் கேட்பதில்லை.

கேப் டவுனில் ஹசன் ஹோவா என்றொரு முஸ்லிம் இருந்தார். வெள்ளையரல்லாதோரின் கிரிக்கெட் சபைக்குத் தலைமை தாங்கியவர். அநீதியான சமூகத்தில் விளையாட்டு மட்டும் நியாயமாக நடக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 1971இல் அவுஸ்திரேலியா செல்லவிருந்த வெள்ளையர் அணியில் வெள்ளையரல்லாத இருவரைச் சேர்க்கும் யோசனை வந்தது. டிக் ஆபித், ஓவன் வில்லியம்ஸ் ஆகியோரின் பெயர்கள் அடிபட்டன. காட்சிக்கு இருவரை நிறுத்துவது பிரதிநிதித்துவமாகாது என்று ஹோவா மறுத்தார்.

ஆபித்தும் ஒரு கேப் டவுன் முஸ்லிம். சொந்த நாட்டுக்காக ஒருநாளும் ஆட முடியாமல், இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் என்ஃபீல்ட் கழகத்துக்காகச் சம்பளத்துக்கு ஆடினார். அவரும் காசுக்காக வேறு நாட்டுக்குப் போய் விளையாடியவர்தான். மாணவன் இதைக் கேட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை.

இலங்கைக்காக முதல் டெஸ்ட் பந்தைச் சந்தித்தவர் யார் என்று பாடசாலை வினாவிடைப் போட்டிகளில் கேட்கிறோம். அதே வருடம் ஒக்டோபரில் அவர் எங்கே இருந்தார் என்ற கேள்வியை அடுத்த போட்டியில் சேர்த்திருக்கிறோம்.