பெட்டிக்குள் பூகம்பம் – 9: சென்னைக் கதவு ஏன் திறக்கவில்லை?

சென்ற வாரம் 2021 பிப்ரவரி 24, புதன்கிழமை, காலை 11.40 மணியோடு நிறுத்தியிருந்தோம். தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் திரைகள் உறைந்துவிட்டன. மும்பையின் பெரிய ஃபண்ட் மேனேஜரும் ராஜபாளையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் சப் புரோக்கரும் ஒரே வரிசையில் நின்றார்கள். வாங்க முடியாது, விற்க முடியாது, கையில் இருப்பதை முடித்துக்கொண்டு எழவும் முடியாது. மறுநாள் வியாழன், பிப்ரவரி மாத எஃப் அண்ட் ஓ ஒப்பந்தங்கள் முடியும் நாள், அதாவது எக்ஸ்பைரி. வருடத்தில் எந்த நாளில் நின்றாலும் தாங்கலாம், எக்ஸ்பைரிக்கு முந்தின நாள் மட்டும் ஆகாது.

சந்தை தந்த முதல் விளக்கம் மிகச் சுருக்கமானது. எங்களிடம் இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் லைன்கள் இருக்கின்றன, இரண்டிலும் கோளாறு என்று இரண்டு நிறுவனங்களுமே தகவல் தந்திருக்கின்றன, அவ்வளவுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒரு லைன் போனால் இன்னொன்று கைகொடுக்கத்தானே இரண்டு நிறுவனம்? இரண்டும் ஒரே நேரத்தில் போகுமா?

போகும். சாலையைத் தோண்டினால் போகும். மும்பையில் என்எஸ்இயின் முதன்மை டேட்டா சென்டருக்கும் பக்கத்திலேயே இருக்கும் அதன் நகல் மையத்துக்கும் இடைப்பட்ட பாதையில் தோண்டும் வேலையும் கட்டுமான வேலையும் நடந்துகொண்டிருந்தன. லைன்கள் தள்ளாடியதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்று அடுத்த மாதம் வந்த விரிவான அறிக்கையில் என்எஸ்இயே சொன்னது. காகிதத்தில் நிறுவனங்கள் இரண்டு, ஒப்பந்தங்கள் இரண்டு, மாத பில் இரண்டு. ஜேசிபிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் கேபிள் கதை. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: வாங்குபவரையும் விற்பவரையும் பொருத்திவைக்கும் வர்த்தக இயந்திரத்துக்கு அன்று ஒரு கீறல்கூட இல்லை. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினார்கள்?

நாம் போடும் ஒவ்வொரு ஆர்டருக்கும் பின்னால் ஒரு காவல்காரர் இருக்கிறார். இந்த புரோக்கரிடம் இதற்குப் போதிய மார்ஜின் இருக்கிறதா, இவ்வளவு பெரிய பொசிஷனை இவர் தாங்குவாரா என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்ப்பது என்எஸ்இ கிளியரிங் நிறுவனத்தின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம். அன்று கண் மூடியது அந்தக் காவல்காரர்தான். கூடவே செட்டில்மென்ட், இண்டெக்ஸ், கண்காணிப்பு ஆகியவையும் போயின. மார்ஜின் பார்க்க ஆளில்லாமல் சந்தையை நடத்துவது கணக்குப்பிள்ளை இல்லாமல் கடன் கொடுப்பதைவிட ஆபத்து. ஆகவே நிறுத்தினார்கள். அந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த சிஸ்டங்கள் எல்லாம் ஒரே பெட்டியை நம்பியிருந்தன. அந்தப் பெட்டியும் அதை சர்வர்களோடு இணைக்கும் வலையும் சேர்ந்ததற்குப் பெயர் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க். டேட்டா சென்டரில் வேலை பார்ப்பவர்கள் வாயில் அது ‘சேன்’. ஆள் உயர ரேக், அதில் அடுக்கடுக்காக டிஸ்க்குகள், மேலே இரண்டு கன்ட்ரோலர், முதுகுப்புறம் ஆரஞ்சு நிற ஃபைபர் கேபிள்கள். சர்வர்கள் தங்கள் டேட்டாவைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. இந்தப் பெட்டியில்தான் எழுதி, இதிலிருந்துதான் எடுக்கும். சர்வர் ஒன்று செத்தால் இன்னொன்று எழுந்து வேலையைத் தொடரும். சேன் செத்தால் நூறு சர்வர் உயிரோடு இருந்தும் பயனில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க பிளவக்கல்லே போதும். அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் உண்டு. ஒரு விசித்திரமான சட்டம் போடுவோம்: பெரியாறு அணையில் ஒரு சொட்டு விழுந்தால் கோவிலாறு அணையிலும் அதே சொட்டு விழ வேண்டும், விழுந்துவிட்டது என்று அங்கிருந்து போன் வந்த பிறகுதான் பெரியாறு அடுத்த சொட்டை வாங்கலாம். இப்படி நடந்தால் ஓர் அணை மொத்தமாக உடைந்தாலும் ஒரு சொட்டுகூட நஷ்டமில்லை, இன்னொன்றில் அப்படியே இருக்கும். என்எஸ்இ மும்பையில் இரண்டு மையங்களை வைத்து இதைத்தான் செய்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு அணைகளுக்கும் நடுவே போன் லைன் கெட்டுவிட்டது என்று வையுங்கள். பெரியாறு என்ன செய்ய வேண்டும்? ‘கோவிலாறு பேசவில்லை, பரவாயில்லை, நான் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கிறேன், லைன் வந்ததும் பாக்கியைச் சொல்கிறேன்’ என்று தொடரலாம். அல்லது ‘அங்கே என்ன நடக்கிறதென்று தெரியாது, தப்பாகிவிடக் கூடாது’ என்று மதகை இழுத்து மூடிவிடலாம்.

இரண்டுக்குமே நியாயம் உண்டு. லைன் அறுந்த நேரத்தில் இரண்டு பக்கமும் நானே முதன்மை என்று நினைத்துத் தனித்தனியாக எழுதத் தொடங்கினால் இரண்டு கணக்குப் புத்தகம் உருவாகிவிடும். பிறகு எது உண்மை என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அதற்குப் பயந்துதான் சேன்கள் சந்தேகம் வந்தால் கதவைச் சாத்தும். எந்த நேரத்தில் சாத்த வேண்டும், எப்போது தனியாக ஓட வேண்டும் என்பதை நிறுவும்போதே எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் ஃபெயில்ஓவர் லாஜிக் என்கிறார்கள்.

லைன் போனாலும் முதன்மை மையம் நிற்கக் கூடாது என்பதே என்எஸ்இ கேட்ட வடிவமைப்பு. அன்று பெட்டி செய்தது நேர்மாறானது. முதன்மை சேன் தன் சர்வர்களுக்கே கதவைச் சாத்திக்கொண்டது. வெண்டர் நிறுவியிருந்த ஃபெயில்ஓவர் லாஜிக், தான் கேட்ட வடிவமைப்போடு ஒத்துப்போகவில்லை என்று என்எஸ்இ பின்னர் வெளிப்படையாகச் சொன்னது.

வெண்டர் மாட்டிக்கொண்டார், கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தத் துறையில் புதுப் பெட்டி வந்து இறங்கினால் பொதுவாக என்ன நடக்கும்? வெண்டரின் இன்ஜினியர் வருவார், ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டுவார், எல்லாம் ஓடும், காபி வரும், அக்செப்டன்ஸ் படிவத்தில் கையெழுத்தாகும். இரண்டு கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள் என்று கேட்பவர் அபூர்வம். பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுங்கள் என்று கேட்பவர் அதைவிட அபூர்வம். நெட்வொர்க் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்: முழுசா செத்த லைனால் பெரிய தொல்லை இல்லை, வந்து வந்து போகிற லைன்தான் உயிரை வாங்கும் என்பார்கள். பிப்ரவரி 24 அன்று நடந்தது அந்த இரண்டாவது வகை.

சரி, மும்பை மையங்கள் இரண்டும் கைவிட்டன. மூன்றாவது கதவு ஒன்று இருந்ததே?

அது சென்னையில் இருந்தது. ஒரே பூகம்பத்தில் இரண்டும் போய்விடக் கூடாது என்பதற்காகப் பங்குச் சந்தைகள் தங்கள் பேரிடர் மீட்பு மையத்தை வேறு நில அதிர்வு மண்டலத்தில், தொலைவில் வைக்க வேண்டும் என்பது சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் விதி. என்எஸ்இயின் மீட்பு மையம் சென்னை. மும்பை செத்தால் சென்னை எழ வேண்டும். அதற்கென்றே பல கோடி செலவில் வளர்த்த பிள்ளை.

அன்று அந்தப் பிள்ளையை யாரும் எழுப்பவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டோரேஜ் கோளாறுகளுக்கே உரிய ஒரு கொடுமை வருகிறது. தீப்பிடித்தால் முடிவு எளிது, ஊரே மாறிவிடலாம். பெட்டி பாதி உயிரோடு இருக்கும்போதுதான் சிக்கல். இன்னும் அரை மணியில் சரியாகிவிடும் என்று அங்கே நிற்கிற இன்ஜினியர் நம்பிக்கையோடு சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்புகிறார். சென்னைக்கு மாறினால் கடைசிச் சில நிமிடப் பதிவுகள் அங்கே வந்து சேர்ந்திருக்காது, அவற்றை ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்குள் இங்கேயே சரியாகிவிட்டால்? இந்த ‘அரை மணி’ இரண்டு மணியாகும், மூன்று மணியாகும். ஸ்டோரேஜ் விழுந்த எந்த ஆபீஸிலும் இந்தக் காட்சி இதே வசனத்தோடு நடக்கும்.

மும்பையில் மணி மூன்றைத் தாண்டியது. வழக்கப்படி 3.30க்குச் சந்தை மூடும். பல புரோக்கர் நிறுவனங்கள் இனி என்எஸ்இ திறக்காது என்று கணக்குப் போட்டு, வாடிக்கையாளர்களின் அன்றைய பொசிஷன்களை மும்பையின் இன்னொரு சந்தையான பிஎஸ்இயில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டன. 3.17க்கு அறிவிப்பு வந்தது: 3.45க்கு மறுபடி திறக்கிறோம், 5 மணி வரை நடக்கும். திறந்த சந்தை மேலே பாய்ந்தது. அன்று சென்செக்ஸ் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் ஏறி முடிந்தது. அரை மணி முன்னால் வெட்டப்பட்ட பொசிஷன்களின் சொந்தக்காரர்கள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வயிற்றெரிச்சலுக்கு எந்த ஒப்பந்தத்திலும் ஷரத்து இல்லை.

அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கியமான சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் மீட்பு மையத்திலிருந்து ஓட வேண்டும். அந்த ‘இன்னும் அரை மணி’ வசனத்துக்கு செபியே கெடு வைத்தது என்று இதைப் படிக்கலாம். 2023இல் என்எஸ்இயும் அதன் கிளியரிங் நிறுவனமும் குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டி செபியோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டன. 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, சிறப்பு அமர்வு நடத்தி, முதல் பாதியை முதன்மை மையத்திலும் அடுத்த பாதியை மீட்பு மையத்திலும் ஓட்டிக் காட்டினார்கள். ராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் ராம்கோ சிமெண்ட்ஸ் பங்கை அன்று காலை ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்குப் பிறகும் வாங்கியவர்கள், இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பெட்டிகளில் வாங்கினார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் லட்சணம்.

‘இதெல்லாம் கோடிகளில் புரள்பவர்கள் கதை, எங்கள் மில் ஆபீஸில் ஒரு சர்வர், நான்கு டிஸ்க், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏஎம்சி, அவ்வளவுதான்’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வாசகர் சொல்லக்கூடும். அந்த ஏஎம்சி தாளை எடுத்து ஒருமுறை படியுங்கள். ‘நான்கு மணி நேர ரெஸ்பான்ஸ்’ என்று இருந்தால் நான்கு மணிக்குள் போன் வரும் என்றே பெரும்பாலும் பொருள். சரியாகிவிடும் என்று அல்ல. ‘நெக்ஸ்ட் பிசினஸ் டே’ என்று இருந்தால் வெள்ளி மாலை செத்த டிஸ்க்குக்குத் திங்கள்தான் மாற்று. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கும்படி டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு ஐந்து அமைப்பில், அந்த இரண்டு நாளும் மீதி மூன்று டிஸ்க்குகள் ஒற்றைக் காலில் நிற்கும். மாற்று டிஸ்க் வந்ததும் மீதி மூன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். நான்கும் ஒரே நாளில் ஒரே பேட்ச்சில் வாங்கியவை. வயது ஒன்று, தேய்மானம் ஒன்று. இரண்டாவது டிஸ்க் சாவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

ஒரே பேட்ச் என்பது எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. தான் விற்ற சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள், ஃபர்ம்வேரை மாற்றாவிட்டால், மின்சாரம் ஏறிச் சரியாக 32,768 மணி நேரத்தில் செத்துவிடும். டிஸ்க்கும் திரும்பாது, டேட்டாவும் திரும்பாது. கணக்குப் போட்டால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் ஆன் செய்த டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். ரெய்டு என்ன செய்யும்? அறிவிப்பு வந்த மெயிலைத் திறந்து பார்த்தவர்கள் தப்பித்தார்கள். ஆகவே வெண்டரிடம் பதிவு செய்திருக்கும் மெயில் முகவரி யாருடையது, அவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள்.

இதுவரை பார்த்ததில் பெட்டி தானாக விழுந்தது. விழாத பெட்டியை, சரிசெய்ய வந்த கைகளே தள்ளிவிட்டால்?

அதற்கு 2010ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஊர் சிங்கப்பூர். வங்கி டிபிஎஸ், தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் பலர் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் பிஓஎஸ்பியும் அதனுடையதே. வங்கியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 2002இல் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஐபிஎம் ஏற்றிருந்தது. 2010 ஜூலை 3, சனிக்கிழமை. மெயின்ஃப்ரேமோடு இணைந்த ஸ்டோரேஜில் ஒரு தகவல் தொடர்பு இணைப்பு தள்ளாடுகிறது என்று மானிட்டரிங் மென்பொருள் எச்சரித்தது. டேட்டாவுக்குச் சேதமில்லை, சேவைக்குத் தடையில்லை. இன்ஜினியர் வந்தார், கேபிளை மாற்றினார், போனார். ஞாயிறன்று எச்சரிக்கை மறுபடி வந்தது. சிங்கப்பூருக்கு வெளியே இருந்த ஐபிஎம்மின் வட்டார உதவி மையம் போனில் வழி சொல்லச் சொல்ல மறுபடி வேலை நடந்தது. எச்சரிக்கை போகவில்லை. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, திங்கள் அதிகாலை மூன்று மணியை ஒட்டி, இன்னொரு முறை கை வைக்க வங்கியிடம் அனுமதி கேட்டார்கள். வங்கி தந்தது.

ஜூலை 5, அதிகாலை. இன்ஜினியர் மறுபடியும் அதே கேபிளுக்கு முன்னால் நின்றார். உதவி மையம் அவருக்குத் தந்திருந்த செய்முறை, காலாவதியானது.

(அடுத்த வாரம்: ஏடிஎம்கள் ஊமையான ஏழு மணி நேரம்)