கனமும் தாழ்வும்: காவிரிக் கடைமடையில் ஆண் குரலின் ஈர்ப்பு

தமிழ்த் திரையிசையும் பக்தியிசையும் கொண்டாடிய கனத்த ஆண் குரல், தாழ்ந்த சுருதிக் குரல் அல்ல. பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. டி. எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் இ. எம். ஹனிபா மூவரையும் கம்பீரக் குரலுக்கு உரியவர்கள் என்று சொல்லாத இரசிகர் இல்லை. ஆனால் மூவரும் பெயர் வாங்கியது மேல் ஸ்தாயியில். உச்சத்துக்குப் போனாலும் மெலியாமல், கீச்சிடாமல் நிற்கும் குரலே கேட்டவர்களைக் கட்டிப்போட்டது. இந்த இரசனை உருவான விதத்தை ஆராயக் காவிரிக் கடைமடையில் உள்ள கீழ்வேளூர் வட்டாரம் ஏற்ற களம். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே உள்ள அவ்வூரைச் சுற்றித் தேவாரம் ஓதும் கோயில்கள், நாகூர் தர்கா, நாதஸ்வரக்காரர்களின் ஊர்கள், அரசியல் மேடைகள் எல்லாம் நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

குரலின் சுருதியைக் குரல்நாண்களின் நீளமும் தடிமனும் இறுக்கமும் தீர்மானிக்கின்றன. வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் அமையும். ஆண் பாடகர்கள் பலர் ஆதாரமாகக் கொள்ளும் ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். குரலின் கனம் வேறு இடத்திலிருந்து வருகிறது. தொண்டையும் வாயும் எந்த மேற்சுரங்களை வலுப்படுத்துகின்றன என்பதைப் பொறுத்தது அது. பயின்ற ஆண் குரல்கள் பலவற்றில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி திரண்டு நிற்கும். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே. 'கணீர்' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்தத் திரட்சியைத்தான். ஆகவே தாழ்ந்த குரல் கனமில்லாமல் இருக்கலாம். உயர்ந்த குரல் கனத்தோடு இருக்கலாம்.

ஒலிவாங்கி வருவதற்கு முன் உயர்ந்த சுருதி ஒரு தேவை. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் நாடகப் பாட்டு கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டியிருந்தது. மாயவரத்தில் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் நாடக மேடையில் வளர்ந்தவர். 'ஹரிதாஸ்' (1944) வெளியானபோதும் அவர் குரலில் அந்த உயரம் குறையவில்லை. கோயில் மண்டபத்தின் நெருக்கடி வேறு வகை. கீழ்வேளூர்க் கேடிலியப்பர் கோயில் சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இத்தகைய கல் மண்டபங்களில் தாழ்ந்த ஒலி எதிரொலியில் குழைந்து சொல்லை விழுங்கிவிடும். சொல் தெளிவாக விழ வேண்டுமானால் ஓதுவார் குரலை முன்னே தள்ளித் திறந்து பாட வேண்டும். கீழ்வேளூருக்கு வடக்கே திருச்செங்காட்டாங்குடியில் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர் இப்படிப் பண்ணிசையில் ஊறி, 'நந்தனார்' (1942) படம் வழியாக நாடெங்கும் அறியப்பட்டார். கோயில் குரல் வெகுசன இசைக்குள் நுழைந்ததற்கு அவர் தெளிவான சான்று.

சுருதியைக் கீழே இறக்கும் முயற்சியும் இதே காலத்தில் நடந்தது. அதை முன்னின்று செய்தவர் ஒரு நாதஸ்வரக்காரர் என்பது பலர் கவனிக்காத செய்தி. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நான்கு கட்டைக்கு மேல் ஒலித்த குட்டையான திமிரி நாதஸ்வரத்தை விட்டு, இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிக்கும் நீண்ட பாரி நாதஸ்வரத்தை நிலைநாட்டினார். அதைச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருதி இவ்வளவு இறங்கியும் வாத்தியம் முணுமுணுக்கவில்லை. வீதியை நிறைக்கும் வலிமை அப்படியே இருந்தது. கடைமடை இரசனை தாழ்வை ஏற்றுக்கொண்டது இந்த நிபந்தனையின் பேரில்தான்.

நிபந்தனையை மேலும் இறுக்கியது மைக் செட். கல்யாணம், காதுகுத்து, மார்கழி, கந்தூரி எதுவானாலும் தென்னையிலோ மூங்கில் கழியிலோ கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கும்படி இசைத்தட்டுப் போடுவது வழக்கமாயிற்று. முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. மற்றவை அதன் பிறகுதான். கூம்பு ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஒழுங்காக வெளியிடாது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு அதில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். மிஞ்சும் மேற்சுரங்களிலிருந்தே செவி அந்தச் சுருதியை மீட்டெடுத்துக்கொள்ளும். மேற்சுரம் வளமாக உள்ள குரல் இந்தக் கூம்பில் பிழைக்கும். அடிக்குரலில் மெல்லப் பாடியது அரை பர்லாங் தூரத்தில் கரைந்துபோகும். ஊர் தன் விருப்பப்படி பாட்டைத் தேர்ந்ததாக நினைத்துக்கொண்டது. கருவியும் சேர்ந்தே தேர்ந்தது.

சீர்காழி (1933–1988) தமிழிசைக் கல்லூரியில் பயின்று, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஹனிபா (1925–2015) சங்கீதத்தை முறையாகக் கற்றவர் அல்லர். திராவிட இயக்க மேடைகளிலும் இஸ்லாமிய விழாக்களிலும் பாடிப் பாடியே உருவானவர். ஒருவருக்குக் கமகம் இயல்பாக வரும். மற்றவர் சுரத்தை நேராகப் பிடித்து நீட்டுவார். ஆனாலும் சொல்லின் முதல் எழுத்தை அடித்து நிறுத்துவது, நெடிலை வாய் நிறையத் திறப்பது, பாட்டு உயரும்போது ஒலியைக் குறைக்காமல் கூட்டுவது ஆகிய மூன்றிலும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். பயிற்சி வேறாக இருந்தும் விளைவு ஒன்றானதற்குத் திறந்தவெளியும் கூட்டமுமே காரணம் எனக் கொள்வது பொருந்தும். ஹனிபாவின் பாட்டைச் சமயம் பார்க்காமல் வீடுகள் ஏற்றுக்கொண்டதிலும் இதற்குப் பங்கு உண்டு. கோயில் வாசலில் பழகிய குரல்வாகு தர்கா வாசலிலும் கேட்டது.

தாழ்வும் கனமும் பிரிந்து நிற்பதை ஒரே படத்தில் காணலாம். ஏ. பீம்சிங் இயக்கி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்த 'பாவமன்னிப்பு' 1961இல் வந்தது. அதன் கொண்டாட்டப் பாட்டில் சௌந்தரராஜனும் ஹனிபாவும் சேர்ந்து பாடினார்கள். ஜெமினி கணேசனின் காதல் பாட்டுக்கு பி. பி. ஸ்ரீநிவாஸ். மூவரில் தாழ்ந்த ஸ்தாயியில் சுகமாக உலவுவது ஸ்ரீநிவாஸின் குரல். அதை யாரும் கம்பீரம் என்று சொன்னதில்லை. ஒலிவாங்கிக்கு அருகில் நின்று மூச்சோடு இழைத்துப் பாடும் அந்த முறை மென்மை என்றே பெயர் வாங்கியது.

ஜப்பானில் கணக்கு வேறு. அங்கே பாடகர் ஃபிராங்க் நாகாய் (1932–2008) தாழ்குரலின் கவர்ச்சி என்ற விளம்பரத்தோடே அறியப்பட்டார். அமெரிக்கப் படைமுகாம்களில் ஜாஸ் பாடிப் பழகிய அவருக்கு 1957இல் புகழ் தேடித் தந்தது, டோக்கியோவின் யூராக்குச்சோ பகுதியில் திறக்கப்பட்ட பல்பொருள் அங்காடிக்கான பிரசாரப் பாட்டு. 'பாவமன்னிப்பு' வந்த அதே 1961இல் அவர் ஜப்பான் இசைத்தட்டு விருதைப் பெற்றார். நகரத்து இரவு, மழை, காதலர் சந்திப்பு ஆகியவை அவர் பாட்டின் களம். அங்கே ஆழ்ந்த குரல் காதலனுக்கு உரியது, காதருகே ஒலிப்பது. தமிழில் அந்த இடம் ஸ்ரீநிவாஸுக்கும் ஏ. எம். ராஜாவுக்கும் போயிற்று. ஜப்பானியர் ஒரே தொண்டையில் கேட்ட தாழ்வையும் ஆண்மையையும் தமிழ் இரசிகர்கள் இரண்டு வகைப் பாடகர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர்.

கனத்த குரலுக்குத் தமிழ்ப் படம் கொடுத்த வேடங்களும் இதை உறுதிசெய்கின்றன: தெய்வம், அரசன், ஞானி, ஊருக்கு நியாயம் சொல்பவன். 'கர்ணன்' (1964) படத்தில் சாகும் தறுவாயில் கிடக்கும் கர்ணனுக்காகக் கண்ணன் பாடுவது சீர்காழியின் குரலில். சிவாஜி கணேசனுக்கு 'பராசக்தி'யில் (1952) சிதம்பரம் எஸ். ஜெயராமன் பாடினார். 1954இல் 'தூக்குத் தூக்கி' வந்தபின் அந்த இடம் சௌந்தரராஜனுக்கு ஆயிற்று. அதே ஆண்டு 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கும் அவரே பாடினார். சிவாஜிக்கு மார்பிலிருந்தும் எம்.ஜி.ஆருக்குச் சற்றே மூக்கோடும் குரலை எடுத்தார் என்பது பரவலான கணிப்பு. கனம் பிறவிச் சொத்து மட்டுமன்று, வேடத்துக்கேற்ப அளந்து கொடுக்கக்கூடிய கைத்திறனும்கூட என்பதை இது காட்டுகிறது.

இந்த வாதத்துக்கு மறுப்பாக எம். டி. ராமநாதனை (1923–1984) நிறுத்தலாம். கர்நாடக இசையில் உண்மையிலேயே அடித்தளத்தில் ஒலித்த குரல் அவருடையது. விளம்ப காலத்தில் மந்தர ஸ்தாயியில் அவர் நின்று பாடியதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் உண்டு. அந்த இரசிகர் கூட்டம் சபா அரங்கில் அமைந்தது. தேரோடும் வீதியில் அன்று. மறுப்பு என்று வந்த சான்று, இடத்துக்கும் இரசனைக்கும் உள்ள பிணைப்பையே வலுவாக்குகிறது.

1977க்குப் பின் திரைப்பாட்டில் மலேசியா வாசுதேவன் கிராமத்துக் கதைகளில் கனத்தைக் கொஞ்சகாலம் காப்பாற்றினார். ஒலிநாடாவும் பிறகு காதொலிப்பானும் பாட்டைத் தனி ஆளின் அனுபவமாக்கின. 2000இல் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் இரவு நேர ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. கூம்புகளுக்குப் பதிலாகத் தாழ்ந்த அதிர்வை நன்றாகவே தள்ளும் பெட்டி ஒலிபெருக்கிகள் ஊர்த் திருவிழாக்களில் பெருகின. மெல்லிய தாழ்குரலுக்கு முன்பிருந்த தொழில்நுட்பத் தடை இன்று இல்லை. ஆயினும் கீழ்வேளூர்ப் பக்கத்து மைக் செட்காரர் திருவிழாவைச் சீர்காழியின் குரலிலேயே தொடங்குகிறார். அந்த வரிசை, அதை உருவாக்கிய கருவி போன பின்னும் வழக்கமாக நிலைத்துவிட்டது.