அனுப்பும் முன் ஒரு கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில், அவசரமாக ரத்தம் தேவை, எல்லோருக்கும் பகிரவும் என்று ஒரு செய்தி வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "அம்மா, இது மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. எங்க அப்பா நல்லா இருக்காரு. இன்னும் போன் வந்துக்கிட்டே இருக்கு" என்றார் எடுத்தவர். அதன் பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

பத்திரிகை, வானொலி, டிவி எல்லாம் சிலர் சொல்ல, நாம் கேட்பவை. சமூக ஊடகத்தில் சொல்பவரும் நாமே, கேட்பவரும் நாமே, பரப்புபவரும் நாமே. 2004-ல் ஆர்குட்டும் பேஸ்புக்கும் வந்தன. 2005-ல் யூடியூப், 2006-ல் ட்விட்டர், 2009-ல் வாட்ஸ்அப், 2010-ல் இன்ஸ்டாகிராம். நம் பிள்ளைகள் முதலில் குடியேறிய ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு வாட்ஸ்அப்பை பேஸ்புக் வாங்கியது.

இதன் பலத்தை நம் ஊர் உணர்ந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். மின்சாரம் இல்லை. கொரட்டூர் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர். அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாமல் டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழே அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகை அது. அந்த நாட்களில் யார் வீட்டில் இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் ஓடின. முகம் தெரியாத தன்னார்வலர்கள் அவற்றைக் கூகுள் அட்டவணையில் திரட்டினார்கள். வெளியூரில் இருந்தவர்கள்கூட ஒவ்வொரு எண்ணாக அழைத்து, உண்மைதானா என்று கேட்டுப் பதிந்தார்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரியான வேலை. அதனால்தான் உதவி சரியான கதவைத் தட்டியது.

அப்போதே வதந்தியும் இருந்தது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவி, அந்தப் பண்ணையே மறுக்க வேண்டியதாயிற்று. நாமும் சிரித்துவிட்டு மறந்தோம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டதற்கும் வாட்ஸ்அப், பேஸ்புக் அழைப்புகள் முக்கியக் காரணம். தொழிலும் மாறியது. நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் முன்பெல்லாம் ஒரு மாதிரி உதிரிபாகத்தைக் காட்ட ஆள் சைக்கிளில் போவார். இப்போது போட்டோ எடுத்து அனுப்பினால் விலை வந்துவிடுகிறது. சிறு வியாபாரிகளுக்கென்றே 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண் அதில்தான் புடவை விற்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது.

ஆனால் அதே 2018-ல்தான் இன்னொன்றும் நடந்தது. வட மாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று குரல்பதிவுகளும் வீடியோக்களும் பரவின. மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து உறவினர்களோடு கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்த வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே வாரம் நம் பழைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் ஒருவரை அதே சந்தேகத்தில் கொன்றார்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு குரல்பதிவை நானும் அனுப்பினேன், என் பழைய மாணவர்கள் குழுவுக்கு. நல்லெண்ணத்தில்தான். ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "டீச்சர், இதைப் பேசுறது யாரு? எந்த ஊர்ல நடந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. "டீச்சரே அனுப்பிட்டாங்க, உண்மையாத்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்று இன்னொருவன் எழுதினான். அந்த வரி இன்னும் உறுத்துகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்று சம்பாதித்த நம்பிக்கையை, யாரென்றே தெரியாத ஒரு குரலுக்கு இரவல் கொடுத்துவிட்டேன்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப், பகிரப்பட்ட செய்திகளுக்கு அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் பகிர முடியாமல் செய்தது. நல்லதுதான். ஆனால் ஒரு பொய் கொல்வதற்கு ஐந்து பேர் தாராளம்.

2015-லும் 2018-லும் நம் கையில் இருந்தது ஒரே போன்தான். முதலில் போன் போட்டுக் கேட்டோம். பிறகு கேட்கவில்லை.

என் வயது நண்பர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாம் அனுப்பினால் பிள்ளைகள் நம்புவார்கள். யார் சொன்னது, எந்த ஊர், என்றைக்கு என்று கேட்டுவிட்டு அனுப்புவோம். பதில் கிடைக்காவிட்டால் நம்மோடு நிற்கட்டும்.

அந்த ரத்தச் செய்தியின் கீழே "பழைய செய்தி, பேசிவிட்டேன்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.