"முத்திரை இருந்ததே, ஹஜ்ரத்!" – பொய்ச் செய்திகளும் நம் முன்னோரின் விசாரணையும்



சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பள்ளியின் தூணோரம் தனியே அமர்ந்திருந்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். நாம் அருகே சென்றதும் கைப்பேசியை எடுத்து ஒரு காகிதத்தின் படத்தைக் காட்டினார். மேலே அரசுச் சின்னம், கீழே ஓர் அதிகாரியின் கையொப்பம், அதன்மேல் வட்டமான நீல முத்திரை.

ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவர் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாகக் கூறியுள்ளனர். பின்னர் காணொளி அழைப்பில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றி, "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு அகலக்கூடாது, வீட்டாரிடம் கூடச் சொல்லக்கூடாது" என்று மிரட்டியுள்ளார். அஸர் வரை அறைக்குள்ளேயே இருந்த பெரியவர், ஹஜ்ஜுக்கென்று சேர்த்ததையும் மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பியதையும் அவர்கள் கூறிய கணக்கிற்கு அனுப்பிவிட்டார்.

"முத்திரை இருந்ததே, ஹஜ்ரத்! அதைப் பார்த்துத்தானே நம்பினேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "இந்த வயதில் இப்படி ஏமாந்தேன் என்று தெரிந்தால் ஊர் சிரிக்காதா?" என்றும் கேட்டார். அந்த ஒன்பது நாட்களும் அவர் மனைவியிடம் கூட வாய் திறக்கவில்லை.

அவருடைய அவ்விரு கேள்விகளும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. முத்திரையை நம்புவது தவறா? ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டுமா? இவ்விரண்டுக்கும் நமது வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

முத்திரை மோதிரம்

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடினார்கள். முத்திரையிடப்படாத கடிதத்தை அம்மன்னர்கள் ஏற்பதில்லை என்று அவர்களிடம் கூறப்பட்டது. அதன் பின்னரே வெள்ளியால் ஒரு மோதிரம் செய்யப்பட்டு, 'முஹம்மது', 'ரசூல்', 'அல்லாஹ்' என மூன்று வரிகள் அதில் பொறிக்கப்பட்டன. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதே செய்தியில் நாம் பெரிதும் கவனியாத ஒன்றும் உண்டு. அந்த வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவருடைய அடையாளம் இன்னொருவர் கைக்குச் சென்றால் அவர் பெயரால் எதையும் சொல்லிவிட முடியும் என்பதே இத்தடையிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது. இன்று வங்கியிலிருந்து நம் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் அத்தகையதோர் அடையாளமே. அதைக் கேட்பவரிடம் சொல்லிவிடுவது, நம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி முன்பின் அறியாதவர் விரலில் போடுவதற்கு ஒப்பாகும்.

அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடம் இருந்தது. ஒரு நாள் அரீஸ் கிணற்றில் அது தவறி விழுந்தது. மூன்று நாட்கள் தேடியும், கிணற்று நீர் முழுவதையும் இறைத்தும் அது கிடைக்கவில்லை.

கலீஃபாவின் பெயரில் ஒரு கடிதம்

ஹிஜ்ரி 35-ஆம் ஆண்டில் (கி.பி. 656) எகிப்திலிருந்து ஒரு கூட்டத்தார் முறையீடுகளுடன் மதீனா வந்தனர். உஸ்மான் (ரலி) அவர்களுடன் பேசி உடன்பாடு கண்டு ஊர் திரும்பினர். வழியில் ஒட்டகத்தில் விரைந்து சென்ற ஒருவனைப் பிடித்துச் சோதித்தபோது, எகிப்தின் ஆளுநருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் அவனிடம் இருந்தது. திரும்பி வருவோரைக் கடுமையாகத் தண்டிக்குமாறு அது கட்டளையிட்டது. அதில் கலீஃபாவின் முத்திரையும் இருந்தது.

அக்கூட்டம் கொதிப்புடன் மதீனாவுக்குத் திரும்பியது. அக்கடிதத்தைத் தாம் எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை, அதை அறியவுமில்லை என்று உஸ்மான் (ரலி) அவர்கள் சத்தியமிட்டார்கள். ஒருவர் பெயரில் மற்றொருவர் கடிதம் எழுத முடியும் என்பதையும், ஒரு முத்திரையைப் போல இன்னொன்றைச் செதுக்க முடியும் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கேட்டவர்கள் ஏற்கவில்லை. முற்றுகையும், அதன் முடிவில் கலீஃபாவின் ஷஹாதத்தும் நிகழ்ந்தன. கடிதத்தை எழுதியவர் யார் என்பதில் இன்றளவும் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஃபித்னாவுக்குக் காரணங்கள் பல. எனினும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்களை மீண்டும் மதீனாவின் வாயிலுக்குக் கொண்டுவந்தது அந்த ஒற்றைக் கடிதமே.

ஆகவே நமது பெரியவருக்கு முதல் விடை இதுதான்: முத்திரை இருக்கிறது என்பது கடிதம் உண்மையென்பதற்குச் சான்றாகாது. இதை 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக நாம் அறிந்திருக்கிறோம்.

நூறு இருநூறானது

பின்னர் வந்த முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் பணம் தொடர்பான ஒரு நிகழ்ச்சி நடந்தது. அம்ர் இப்னு ஸுபைர் என்பவருக்கு ஒரு இலட்சம் திர்ஹம் வழங்குமாறு இராக்கின் ஆளுநர் ஸியாதுக்கு அவர்கள் கடிதம் எழுதி, அதை அம்ரின் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். வழியில் கடிதத்தைப் பிரித்த அம்ர், நூறாயிரம் என்பதை இருநூறாயிரம் என்று திருத்திவிட்டார். ஸியாதும் இரண்டு இலட்சத்தை எண்ணிக் கொடுத்தார். பின்னர் கணக்கு டமாஸ்கஸுக்கு வந்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. அம்ர் சிறை வைக்கப்பட்டார். அவருடைய சகோதரர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அத்தொகையைச் செலுத்தினார்கள்.

இதன் பின்னரே 'தீவானுல் காதம்' எனும் முத்திரை அலுவலகம் நிறுவப்பட்டது. கடிதங்களை மடித்துக் கட்டி முத்திரையிடும் வழக்கமும் அதனுடன் வந்தது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் இதைக் குறிப்பிடுகிறார். ஒரு மோசடி நடந்தது. ஓர் ஏற்பாடு பிறந்தது. அன்று முதல் இன்று வரை இது இவ்வாறே தொடர்கிறது.

கேட்பது அவமதிப்பன்று

"காவல் அதிகாரி என்கிறார், நீதிமன்றம் என்கிறார், அவரிடம் போய் 'நீங்கள் யார்' என்று எப்படிக் கேட்பது?" என்று பலர் தயங்குகின்றனர். மோசடிக்காரர் பயன்படுத்திக்கொள்வது இந்தத் தயக்கத்தைத்தான்.

அல்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயத்தின் 6-ஆவது வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக விசாரித்தறியுமாறு முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. விசாரியாமல் செயல்பட்டால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அதற்கு அவ்வசனம் கூறும் காரணம். பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத் தர மறுத்துவிட்டதாக வந்த பொய்த் தகவலையொட்டி இது அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் பலர் கூறுகின்றனர்.

நம்பத்தகாதவரிடம் மட்டும்தானா விசாரணை? அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் மும்முறை அனுமதி கேட்டு, விடை வராததால் திரும்பினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, அவ்வாறே நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகச் சொன்னார்கள். அதற்குச் சாட்சி கொண்டுவருமாறு உமர் (ரலி) கேட்டார்கள். அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) வந்து சாட்சியம் அளித்தார்கள். அபூமூஸாவின் மீது தமக்கு ஐயமில்லை என்றும், செய்தியை உறுதி செய்துகொள்ளவே கேட்டதாகவும் உமர் (ரலி) கூறியதாக அறிவிப்புகளில் உள்ளது. ஒரு ஸஹாபியிடமே சாட்சி கேட்கலாம் என்றால், முகமறியாத தொலைபேசிக் குரலிடம் கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு இருக்கிறது?

ஃபித்னாவுக்குப் பின் இந்த விசாரணை ஒரு கலையாகவே வளர்ந்தது. முன்னர் அறிவிப்பாளர்களின் பெயரைக் கேட்காமல் இருந்தவர்கள், ஃபித்னா நேர்ந்த பின் "யார் சொன்னார்?" என்று கேட்கத் தொடங்கினர் என்று இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதை இமாம் முஸ்லிம் தமது நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். நமது மதரஸாப் பிள்ளைகள் மனனம் செய்யும் இஸ்னாத் வரிசைகளின் பின்னே இந்தக் காயம் இருக்கிறது.

சுல்தானும் ஏமாந்தார்

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜவ்பரி என்பவர், தம் காலத்து மோசடிகள் அனைத்தையும் தொகுத்து ஒரு நூல் எழுதினார். போலித் துறவிகள், போலி மருத்துவர்கள், பொன் செய்வதாகச் சொல்வோர் எனப் பலருடைய உபாயங்களை அதில் அம்பலப்படுத்தினார். அவர் சொல்லும் கதைகளில் ஒன்று சுல்தான் நூருத்தீன் ஸங்கியைப் பற்றியது.

பாரசீகன் ஒருவன் டமாஸ்கஸுக்கு வந்தான். ஆயிரம் தீனார்களை அரத்தால் ராவித் தூளாக்கி, கரியும் வேறு பொருட்களும் சேர்த்து உருண்டைகளாக்கினான். ஏழைத் துறவியின் கோலத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் சென்று, 'குராசானின் தபர்மக்' என்று பெயர் சொல்லி அவற்றைச் சில திர்ஹம்களுக்கு விற்றான். பின்னர் உயர்ந்த ஆடை அணிந்து ரசவாதியாகச் சுல்தானின் அவையை அடைந்தான். தபர்மக் இருந்தால் பொன் செய்து காட்டுவதாகச் சொன்னான். கடைக்காரரிடம் அது கிடைத்தது; உலையில் இட்டனர்; பொன் வந்தது! அவன் முன்பே போட்ட பொன் அது. மேலும் தபர்மக் வாங்கி வருவதற்கென்று சுல்தான் பெரும் பொருளை ஒட்டகங்களில் ஏற்றி அவனைக் குராசானுக்கு அனுப்பினார். அவன் திரும்பவேயில்லை.

அந்நகரில் ஏமாளிகளின் பட்டியல் ஒன்றை எழுதிவந்த ஒருவர், அதன் முதல் பெயராகச் சுல்தானின் பெயரை எழுதினார். அவரை அழைத்துக் காரணம் கேட்டபோது, "அந்தப் பாரசீகன் திரும்பி வரட்டும், தங்கள் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதிவிடுகிறேன்" என்றாராம்.

சிலுவைப் படைகளை எதிர்த்து நின்ற, நீதிக்குப் பெயர்பெற்ற ஓர் அரசரைப் பற்றி நம்மவர் சொல்லிவந்த கதை இது. ஏமாறுவதற்கு அறிவுக் குறைவு தேவையில்லை. ஆசையோ அச்சமோ ஒரு கணம் மேலோங்கினால் போதும். இதையே அந்தப் பெரியவரிடமும் சொன்னோம்.

ஜெருசலேம் கடிதங்கள் முதல் கைப்பேசி வரை

ஐரோப்பாவிலும் இதே வேலை நடந்தது. பிரெஞ்சுக் காவல் துறையில் பணியாற்றிய விடோக் என்பவர் 1828-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், பாரிஸ் சிறைக் கைதிகள் எழுதிய 'ஜெருசலேம் கடிதங்கள்' பற்றி விவரிக்கிறார். புரட்சிக்கு அஞ்சி ஓடிய பிரபுவின் பணியாளன் என்று கைதி தன்னை அறிமுகம் செய்துகொள்வான். பொன்னும் வைரமும் அடங்கிய பெட்டி புதைந்திருக்கும் இடம் தனக்குத் தெரியும் என்றும், அதை மீட்கச் சிறு தொகை வேண்டும் என்றும் முன்பின் அறியாத செல்வர்களுக்கு எழுதுவான். நூறு கடிதங்களுக்கு இருபது பதில்கள் வந்தன என்கிறார் விடோக்.

அன்று நூறு கடிதம் எழுதக் கை வலித்திருக்கும். 1992 டிசம்பர் 3-இல் உலகின் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்ட பின் நிலைமை மாறியது. இன்று இலட்சம் பேருக்கு அனுப்ப ஒரு பொத்தான் போதும். இருபது பேரல்ல, ஒருவர் பதில் அளித்தாலும் அவர்களுக்கு இலாபமே. தீவானுல் காதமைப் போலவே இதற்கும் ஏற்பாடுகள் வந்துள்ளன. ஆனால் அவற்றை நாம் அறிந்திருந்தால்தான் பயன்படும்.

'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரும் தமது வானொலி உரையில் இதைக் கூறினார். அத்தகைய அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடலாம். வங்கி பேசுவதாகச் சொன்னால், அவர்கள் தரும் எண்ணுக்கு அன்றி, நம் பாஸ்புக்கிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. பணம் போகாவிட்டாலும், சந்தேகத்திற்குரிய அழைப்புகளை 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். தொல்லை தரும் விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 உள்ளது.

நமது பெரியவரை மறுநாள் காலையில் காவல் நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். புகார் பதிவானது. ஆனால் ஒன்பது நாட்களில் பணம் பல கணக்குகளைக் கடந்து போயிருந்தது. வெட்கம் அவரிடமிருந்து பறித்தது அந்த ஒன்பது நாட்களை.

நம் மீதும் ஒரு குறை உண்டு. அன்று லுஹர் ஜமாஅத்தில் அவரை நாம் காணவில்லை. அஸரிலும் காணவில்லை. உடல்நலமில்லை போலும் என்று எண்ணி அவரவர் வீட்டிற்குப் போய்விட்டோம். வழக்கமாக வருபவர் வராவிட்டால் அவரைப் பற்றி விசாரிப்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். அன்று நம்மில் ஒருவர் சென்று அந்தக் கதவைத் தட்டியிருந்தால், கேமராவின் முன் தனித்திருந்த அம்மனிதர் எழுந்து வந்து கதவைத் திறந்திருப்பார்.

இப்போது நமது பள்ளியில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். முதல் ஸஃப்பில் ஒருவர் குறைந்தால், தொழுகை முடிந்ததும் இருவர் அவர் வீட்டிற்குச் சென்று ஸலாம் சொல்லி வருகின்றனர்.

வஞ்சகரின் சூழ்ச்சியிலிருந்தும், அண்டை வீட்டாரை மறந்திருக்கும் அலட்சியத்திலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.