கூரையின் கணக்கு: பள்ளிக் கட்டட நிதியின் வரலாறு, பொன்முடியிலிருந்து

‘பள்ளிக்கூடம்’ என்னும் சொல்லுக்குள்ளேயே ஒரு கூடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தைக் கட்டுவது அரசின் கடமை என்னும் எண்ணம் அந்தச் சொல்லைவிட மிக இளையது. தமிழகத்தில் ஆசிரியரின் திண்ணை பள்ளியாக இருந்தது. மலையாள நாட்டில் ஆசானின் குடிப்பள்ளிக்கூடம். 1817இல் திருவிதாங்கூரின் அரசப் பிரதிநிதி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று அறிவித்ததைப் பாடநூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. பின்னர் பள்ளிகள் பெருகிய விதமோ வேறு. மிஷன்களும் சமுதாய அமைப்புகளும் வசதி படைத்த குடும்பங்களும் நிலத்தையும் கூரையையும் தந்தன. அரசு மானியம் தந்தது. இன்றும் கேரளப் பேச்சில் புழங்கும் ‘எய்டட் ஸ்கூல்’ அந்த ஏற்பாட்டின் எச்சம்.

இந்த ஏற்பாடு செயல்பட வேண்டுமென்றால் உள்ளூரில் நிலம் கொடுக்க ஒருவர் வேண்டும். நெடுமங்காடு வட்டத்தின் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பொன்முடியில் அப்படி யாரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் அங்கே காப்பியும், பின்னர் தேயிலையும் பயிரிட்டனர். மலைக்கு அப்பாலிருந்த தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் வந்தனர். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். லயத்தில் குடியிருந்தவர்களுக்குக் கொடுக்கக் கைப்பிடி மண்ணும் இல்லை. ஆக, பள்ளி விஷயத்தில் அரசு எதிர்பார்த்த ‘உள்ளூர்ப் பங்காளி’ அங்கே தோட்ட நிர்வாகமாக மட்டுமே இருக்க முடியும்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதைச் சட்டமொழியில் எழுதியது. அந்த மொழியை ஊன்றிப் படிக்க வேண்டும். 15ஆம் பிரிவு, தொழிலாளருக்குத் தேவையான குடியிருப்பை அமைத்துப் பராமரிப்பது ஒவ்வொரு முதலாளியின் ‘கடமை’ என்கிறது. அதற்கு நேர் முந்தைய 14ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு ‘வகுக்கலாம்’. அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள். ஒன்றில் கடமை, மற்றொன்றில் அனுமதி. ஒரு துணைவினையின் இடைவெளி இது. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் அந்தப் பிரிவு பேசவே இல்லை.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. பொன்முடித் தோட்டத் தமிழர் கேரளத்தில் தங்கினர். அடுத்த ஆண்டே ஜோசப் முண்டசேரியின் கல்வி மசோதா வந்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, 1958 மே 22 அன்று உச்ச நீதிமன்றம் தன் கருத்தைக் கூறியது; திருத்தப்பட்ட சட்டம் 1959இல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. கட்டடமோ மேலாளரின் சொத்தாகவே தொடர்ந்தது. பள்ளிகளை அரசு கையகப்படுத்த இடமளித்த 14, 15ஆம் பிரிவுகள்மீது எழுந்த எதிர்ப்பின் வேகத்துக்கு மதம் மட்டுமே காரணம் என்பது முழு உண்மையன்று. சுவரும் மனையும் யாருடையவை என்பதும் அங்கே கேள்வியாக இருந்தது.

அதே 1958இல் சென்னை மாநிலத்தில் காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். ஊர்மக்கள் மரமும் மனையும் பணமும் தந்து வகுப்பறைகளை எழுப்பினர். பெருமைக்குரிய வரலாறுதான். ஆயினும் கொடை தரும் ஊருக்கே அந்த வழி திறக்கும், லயத்துக்குத் திறக்காது.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் இதை ஓரளவு மாற்றியது. திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குச் சென்றது. அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பராமரிப்பு ஊராட்சிகளின் கைக்கு வந்தது. பெரிய முதலீடு வந்தது 2016க்குப் பின், கிஃப்பி எனப்படும் கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தின் வழியே. பெட்ரோல் மீதான கூடுதல் வரியும் மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும் அதன் அடித்தளம். 2019இல் மசாலா பத்திரங்கள் மூலம் 2,150 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில் தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி, ஆயிரம் மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு 3 கோடி, ஐந்நூறைத் தாண்டியவற்றுக்கு 1 கோடி என வரையறுத்தனர். சமவெளியின் அரசுப் பள்ளிகள் பல இதனால் முகம் மாறின என்பதை மறுக்க முடியாது. கடன் முறையைப் பற்றித் தணிக்கைத் துறையும் ஒன்றிய அரசும் எழுப்பிய கேள்விகள் நாளேடுகளை நிறைத்தன. ஆயிரம், ஐந்நூறு என்ற எண்கள் எந்த நிலப்பரப்பை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை.

மலையில் தலையெண்ணிக்கை குறைவு, செலவோ கூடுதல். மணலும் கம்பியும் சிமெண்டும் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே பொன்முடிக்கு ஏற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் எந்தத் திட்டத்திலும் இத்தகைய பள்ளி விலையுயர்ந்ததாகத் தோன்றும். சிறு ஒதுக்கீடுகளை எதிர்பார்த்தே அது நிற்க வேண்டியிருக்கும். ஏறிவரும் சுற்றுலா வண்டிகளின் பெட்ரோல் வரி மட்டும் தடையின்றி வாரியத்துக்குச் செல்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடமும் ஆசிரியருக்கு ஒன்றாவது வகுப்பறையும் வேண்டும் என்று அதன் அட்டவணை விதித்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, தோட்டப் பிள்ளைகளின் கல்வி வசதிக்கு அதே 25 பேரையும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரையான அதே வயதையும் மீண்டும் எழுதியிருக்கிறது.